21 விளக்குகளும் ஒரு புரொஜெக்டரும்: தோல்பாவைக்கூத்தை டிஜிட்டல் ஊடகக் கலையாக்குவதில் ஒரு சிக்கல்

கொழிஞ்சாம்பாறை மாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தவள். வீட்டிலும் பள்ளியிலும் தமிழிலேயே வளர்ந்து, இப்போது காட்சித் தகவலியல் முதுகலை இறுதியாண்டில் படிக்கிறேன். டிஜிட்டல் ஊடகக் கலையில் ஒரு படைப்பை இறுதிச் செயல்திட்டமாகச் சமர்ப்பிக்க வேண்டும். தோலில் செதுக்கிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கம்பராமாயணக் கதை சொல்லும் தோல்பாவைக்கூத்தை அடிப்படையாகக் கொண்டு ஒன்றைத் தொடங்கி, பாதி வழியில் நின்றுகொண்டிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒற்றப்பாலத்துக்கு மேற்கே ஒரு பகவதி கோயிலில் முதன்முறையாகக் கூத்தைப் பார்த்தேன். நானும் அம்மாவும் ஒரு தோழியும் போயிருந்தோம். இரவு இரண்டு மணிக்குப் பிறகு கூத்துமாடத்தின் (கூத்து நடத்தவென்றே கோயிலில் கட்டிய மேடையின்) முன்னால் எங்கள் மூவரையும் இரண்டு நாய்களையும் தவிர எவரும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து கம்பனின் விருத்தம் வந்தபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. மலையாள வீட்டுப் பெண்ணான என் தோழிக்குப் பாட்டு பிடிபடவில்லை. ஆனால் பாட்டைத் தொடர்ந்து வந்த உரையில் எனக்குத் தவறியதை அவள் பிடித்துக்கொண்டாள். ஒருவருக்கொருவர் காதில் மொழிபெயர்த்தபடியே விடியும் வரை உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்து இராமன், இராவணன், சடாயு ஆகிய மூன்று பாவைகளைச் சிவப்பும் மஞ்சளுமாக வரைந்து, வருடி (ஸ்கேன் செய்து), பி5 ஜேஎஸ் நிரல்நூலகத்தில் அசையவைத்து, வாடகைப் புரொஜெக்டர் ஒன்றினால் அப்பாவின் வேட்டியில் வீழ்த்திப் பார்த்தேன். உருவம் கூர்மையாக வந்தது, அசைவும் வந்தது, ஆனால் கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயரைத் திரையில் போடுவது போலத்தான் இருந்ததே தவிர, அன்றிரவு பார்த்த நிழலின் சாயல்கூட அதில் இல்லை. ஒளியை மஞ்சளாக்கிப் பார்த்தேன், விளிம்பை மங்கலாக்கிப் பார்த்தேன், இரண்டும் உதவவில்லை. எங்கே தவறுகிறேன்?

இன்னொரு தயக்கமும் உண்டு. டிஜிட்டல் கலை என்றால் பார்வையாளரின் பங்கேற்பு இருந்தே தீர வேண்டும் என்று என் வழிகாட்டி வற்புறுத்துகிறார். கேமராவின் முன் கையை அசைத்தால் பாவையும் கையை அசைப்பது போல ஒன்றை அவருக்காகச் செய்தும் காட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது, எனக்குப் பிடிக்கவில்லை. தேவி ஒருத்திக்காக, ஆள் இல்லாத வெளியில், விடிய விடிய நடக்கும் கூத்து அது. அதில் வருவோர் போவோரெல்லாம் இராமனின் கையை ஆட்டிவிட்டுப் போகலாம் என்றால் நான் பார்த்தது என்ன ஆகிறது? இப்படி யோசிப்பது பழமைவாதமா என்பதும் தெரியவில்லை.

நிழற்கணக்கன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரில் மேடை நாடகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் ஒளியமைப்புச் செய்து கொடுப்பவன். உங்கள் முதல் சிக்கலுக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது மஞ்சள் நிறத்திலோ மங்கலிலோ தீர்கிற சிக்கல் அன்று.

புரொஜெக்டரின் ஒளி ஒரே வில்லையிலிருந்து வருகிறது. கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் நீண்ட மரச்சட்டத்தில் 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் விட்டுத் திரியேற்றி வைத்திருப்பார்கள். திரையின் நீளம் 42 அடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் விளக்குக்கு விளக்கு இரண்டடி, அதாவது சுமார் 60 செ.மீ. இடைவெளி. விளக்குக்கும் திரைக்கும் நடுவே 110 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் 21 விளக்குகளின் நிழலும் ஒரே இடத்தில் விழும். நீங்கள் காண்பது ஒற்றைக் கரிய உருவம். அதையே திரையிலிருந்து 10 செ.மீ. பின்னுக்கு இழுத்தால், பாவைக்கும் விளக்குவரிசைக்கும் 100 செ.மீ. இருக்கும், பக்கத்துப் பக்கத்து விளக்குகளின் நிழல்கள் ஒன்றுக்கொன்று 60×10÷100, அதாவது 6 செ.மீ. விலகி விழும். பாவை 30 செ.மீ. அகலமானது என்றால் நடுப்பகுதியில் ஐந்தாறு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கறுப்பாகவும், இரு ஓரங்களிலும் படிப்படியாக வெளுத்துக்கொண்டு போவதாகவும் தெரியும். 50 செ.மீ. பின்னுக்கு இழுத்தால் விலகலும் 50 செ.மீ. ஆகிவிடும்; அப்போது ஓர் அரக்கன் ஒரு வரிசை அரக்கர்களாகப் பிரிந்து நிற்பான். அன்றிரவு போர்க்காட்சியில் உருவம் பிளந்து பிளந்து கூடியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்களைச் சிலிர்க்க வைத்ததில் கம்பனுக்கு ஒரு பங்கு என்றால் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

துளைகளுக்கும் இதே கணக்குத்தான். மகுடத்திலும் ஆரத்திலும் உள்ள சிறு துளைகள் துணியோடு ஒட்டியிருக்கும்போது ஊசிமுனையாய் மின்னும். பாவை விலகும்போது, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சுடரின் காரணமாக ஒவ்வொரு துளையும் விளிம்பு கரையும், 20 செ.மீ. தாண்டினால் 2 மி.மீ. துளையின் கூர்மை ஏறக்குறைய போய்விடும். எனவே உருவம் முழுவதற்கும் ஒரே அளவு மங்கலைப் பூசுவது பயன்படாது. மங்கலின் அளவைத் திரைக்கும் பாவைக்கும் உள்ள தூரம்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் நிரலில் பாவைக்கு இடம் வலம், மேல் கீழ் என்ற இரண்டு மாறிகள் மட்டும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மூன்றாவதாக இந்தத் தூரத்தைச் சேருங்கள்.

செய்யும் முறையில் ஒரு கண்ணி உண்டு. பலர் 21 கறுப்பு நிழல்களைப் பாதி ஒளிபுகும் படலங்களாக அடுக்குவார்கள். அது தவறு. ஒளி கூடுவது, நிழல் என்பது கூடாமல் விட்ட ஒளி. கரிய வெளியில் தொடங்கி, ஒவ்வொரு விளக்கும் பாவையைத் தாண்டித் திரைக்குக் கொண்டுவரும் வெளிச்சத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கூட்டும்போதும் 0 முதல் 255 வரையான நிற எண்களை அப்படியே கூட்டாதீர்கள். அந்த அளவில் 128 என்பது பாதி வெளிச்சம் அன்று; பாதி வெளிச்சத்துக்கு உரிய எண் ஏறத்தாழ 186. கணக்கையெல்லாம் 0 முதல் 1 வரையான உண்மை வெளிச்ச அளவில் முடித்துவிட்டு, கடைசியில் ஒருமுறை மட்டும் 1÷2.2 என்ற அடுக்குக்கு உயர்த்தித் திரைக்கு அனுப்புங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே ஓரங்களின் படிகள் வேறுமாதிரி உயிர்பெறும்.

சுடரின் ஆட்டத்துக்குத் தற்போக்கு எண்களைப் பயன்படுத்த வேண்டாம். டியூப்லைட் கெட்டுப்போனது போல இருக்கும். கணினி வரைகலை அறிஞர் கென் பெர்லின் 1980களில் உருவாக்கிய இரைச்சல் சார்பு பி5 ஜேஎஸ்ஸில் ‘நாய்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. அது அடுத்தடுத்த மதிப்புகளைத் தொடர்ச்சியாகத் தரும். 21 விளக்குக்கும் தனித்தனித் தொடக்கப்புள்ளி கொடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மெதுவான காற்றையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஊரே பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. காற்று எப்படி ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகச் சாய்த்துக்கொண்டு வரும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்கேற்பைப் பற்றி ஒரு சொல். மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தாவின் நிழல் வரிசைப் படைப்புகளில், பார்க்க வந்தவரின் நிழலே திரைக்குள் போய் அங்குள்ள பொருள்களோடு சிக்கிக்கொள்ளும். ஆள் வராவிட்டால் அங்கே படைப்பே இல்லை. நளினி மலானி 2012இல் ஜெர்மனியின் கஸ்ஸல் நகரில், டாக்குமெண்டா 13 கலைக் கண்காட்சியில் வைத்த நிழலாட்டத்தில், ஓவியம் தீட்டிய ஒளிபுகும் உருளைகள் தொங்கியபடி தாமாகச் சுழன்று சுவரில் நிழல் எறிந்துகொண்டிருந்தன. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அவை சுழலும். இரண்டுமே ஊடகக் கலைதான். ‘இருந்தே தீர வேண்டும்’ என்ற விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதை உங்கள் வழிகாட்டிக்குப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நகரிக்காரன் எழுதியது:

நானும் சித்தூர்க்காரன்தான், ஆனால் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். இரண்டு சித்தூரிலும் எல்லையோரத் தமிழர் இருப்பதால் சித்தூர் என்ற பெயரைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப்பிள்ளை என்று நினைத்து உள்ளே வந்தேன்.

நண்பர் கணக்கை அருமையாகச் சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு முன்பே ஒரு பிழை இருக்கிறது. பாவைகளைச் சிவப்பும் மஞ்சளுமாக வரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் உங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் எங்கள் பக்கத்துத் தோலுபொம்மலாட்டப் படங்களாக இருக்கும். எங்கள் பொம்மைகள் ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும் அளவுக்குச் சுரண்டி மெல்லிதாக்கி, இரு பக்கமும் சாயம் ஏற்றியவை. ஆளுயரத்துக்கும் செய்வார்கள். திரையில் விழுவது நிழல் என்பதைவிட, கோயில் கண்ணாடி விளக்கு போன்ற வண்ண ஒளி என்பதே பொருந்தும். நிம்மலகுண்டாவைச் சேர்ந்த தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அது இந்தக் கலைக்காகத்தான். கேரளத்துப் பாவையோ மான்தோலில் செதுக்கிய ஒளிபுகாத வகை. அழகெல்லாம் துளையில் இருக்கிறது, திரையில் கறுப்பும் வெளிச்சமும் மட்டுமே தெரியும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு புதிய பாவைகளுக்கு வேறு தோல்களைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் முறை அதுவே.

நிரலிலும் இது வேறுபடும். உங்களுக்குத் தேவை ஒரு வெட்டுமுகமூடி மட்டும்: ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி போகும் அல்லது போகாது. எங்கள் பொம்மைக்கு ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்ண வடிகட்டி. விளக்கொளியின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தோலின் நிறத்தால் பெருக்க வேண்டும். பாலக்காட்டுக் கூத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வண்ணப் பாவையைத் தேர்வாளர் முன் வைத்தால், கூத்து தெரிந்த ஒருவர் அங்கே இருந்துவிட்டால் சங்கடம் உங்களுக்குத்தான். மூன்றையும் மறுபடி வரைந்துவிடுங்கள். துளைகளை மென்பொருளில் போடாமல், கறுப்பு அட்டையில் உளியாலோ ஊசியாலோ குத்தி, வெளிச்சத்துக்கு எதிரே வைத்து வருடிப் பாருங்கள். ஒரு வட்டமும் இன்னொன்றைப் போல இராது.

ஒற்றப்பாலம் வாத்தியார் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். கூத்தை ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது. கணினி பற்றி மேலே எழுதியவற்றில் பாதி எனக்கு விளங்கவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்விக்கு எவரும் முழுமையாகப் பதில் சொல்லாததால் எழுதுகிறேன்.

அம்மா, நீ கேட்பது பழமைவாதம் அன்று. இராம இராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் அதைக் காண முடியாமல் போயிற்று. அந்தக் குறை தீரவே அவள் சந்நிதிக்கு எதிரே ஆண்டுதோறும் கதையை நடத்திக் காட்டுகிறோம் என்பது இங்கே வழங்கும் ஐதிகம். கூத்துமாடம் தேவியை நோக்கிக் கட்டப்பட்டிருப்பதும், திரைக்குப் பின்னுள்ள விளக்கை ஏற்றக் கோயிலிலிருந்தே தீபம் கொண்டுவரப்படுவதும் அதனால்தான். ஏழு நாளோ, பதினான்கோ, இருபத்தொன்றோ, கோயில் வழக்கப்படி நடக்கும். முன்னால் மணலில் ஆள் இருக்கிறதா என்று, கூத்தை நடத்தும் புலவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் மனிதருக்கு அங்கே இடமே இல்லை என்று முடிவுகட்டிவிடாதே. கூத்து வழிபாடாக நேர்ந்துகொண்டு காணிக்கை தரும் வீட்டாரை, தொடக்கத்தில் வரும் பட்டர் (அந்தணர்) பாவைகள் வாழ்த்திப் பேசுவதை நீ கேட்டிருக்க வேண்டும். பார்க்க வந்தவர் பாவையைத் தொடுவதில்லை, கதையை மாற்றுவதில்லை. எண்ணெயும் நெல்லும் பணமும் தருகிறார், கூத்து நடக்கிறது. இன்னொன்றையும் கவனித்தாயா? பாடிக்கொண்டிருக்கும்போதே எவராவது ஒருவர் குனிந்தபடி விளக்குவரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டிக்கொண்டு போவார். சிறு வயதில் எனக்கு இராவணனைவிட அந்த எண்ணெய்க்காரரின் நிழல் எப்போது திரையில் படும் என்பதில்தான் கண் இருக்கும். உன் படைப்பில் வருபவர்க்கு ஒரு வேலை கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பாவையின் கையைக் கொடுக்காமல் அந்த எண்ணெய்க் கிண்டியை, அதாவது மூக்குள்ள பாத்திரத்தைக் கொடு.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் பதிவுசெய்த ஒலியைக் கேட்காமல் பயன்படுத்தாதே. புலவர் குடும்பங்களிடம் நேரில் போய்ச் சொல். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோயிலுக்கு வெளியேயுள்ள அரங்குகளுக்குக் கொண்டுபோனவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்தக் குடும்பத்தார் இயந்திரக் கைகளால் பாவையை ஆட்டும் முயற்சியிலும் ஈடுபட்டவர்கள். கணினி என்றதும் கதவைச் சாத்துவார்கள் என்று அஞ்ச வேண்டாம். பாட்டின் ஏட்டை ‘ஆடல்பற்று’ என்பார்கள். கம்பன் பாடலோடு கூத்துக்கென்றே உள்ள பாடல்களும் உரையும் கலந்து இருக்கும். அச்சுப் புத்தகத்திலிருந்து பாடலை எடுத்துப் போட்டுவிட்டுக் கூத்துப்பாட்டு என்று எழுதிவிடாதே. கேட்டுக் கற்றுக்கொள்.

கொழிஞ்சாம்பாறை மாணவி எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள் மூன்று பாவைகளையும் கறுப்பு அட்டையில் மறுபடி வெட்டினேன். சடாயுவின் இறகில் மட்டும் நானூற்றுக்கு மேல் துளைகள். விரல் வீங்கியதுதான் மிச்சம் என்று அம்மா சொல்கிறார், ஆனால் வருடிய படத்தைப் பார்த்ததும் அவரே இன்னொரு சிறகுக்கு உட்கார்ந்துவிட்டார்.

தூரத்தை மூன்றாவது மாறியாகச் சேர்த்ததும் வேட்டியில் விழுந்த உருவம் எனக்கே அந்நியமாகிவிட்டது. சடாயு விழும் இடத்தில் பாவையைத் துணியிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுக்கிறேன். ஒரு பறவை பல பறவைகளாகக் கரைகிறது. இதைக் கையால் வரைந்திருந்தால் என் வாழ்நாளில் வந்திராது. சுருக்கமாகச் சொன்னால் ஒளி கிடைத்துவிட்டது, வேகம் போய்விட்டது: 21 விளக்குக்கும் படத்தை ஒவ்வொன்றாக வரைந்து கூட்டுவதால் என் பழைய மடிக்கணினி நொடிக்கு ஏழு சட்டகங்களுக்கு மேல் ஓட மறுக்கிறது.

எண்ணெய் யோசனையை வழிகாட்டியிடம் சொன்னேன். முதலில் அவர் முகம் மலரவில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு எண்ணெய் அளவை வைத்து, அது குறையக் குறையச் சுடர் சுருங்கி, அந்தப் பக்கத்து நிழல் வெளிறிப்போவதை மடிக்கணினியில் காட்டினேன். ‘யாரும் எண்ணெய் விடாவிட்டால்?’ என்று கேட்டார். விளக்கு அணையக் கூடாது என்பதால், ஓர் அளவுக்குக் கீழே போகும்போது திரைக்குப் பின்னால் குனிந்த ஓர் உருவம் தானாக வந்து நிரப்பிவிட்டுப் போகும், ஆள் வராத இரவிலும் கூத்து நிற்காது என்றேன். சரி, அப்படியே செய் என்று சொல்லிவிட்டார். எண்ணெய் விடுவதைத் திரையில் பொத்தானை அழுத்துவதாக வைக்க மனம் வரவில்லை. உண்மையான கிண்டியிலிருந்து உண்மையான எண்ணெயை விட வேண்டும். அதைக் கணினி எப்படி அறியும்?

நிழற்கணக்கன் எழுதியது:

வேகத்துக்கு: படங்களை வரைந்து கூட்டுவதை விட்டுவிட்டு, வெப்ஜிஎல் முறையில் ஒரே ஷேடர் (வரைகலைச் சில்லில் நேரடியாக ஓடும் சிறு நிரல்) எழுதுங்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியும் தனக்குரிய 21 விளக்குகளை ஒரு சுழற்சியில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் முகமூடிப் படத்தை உரிய விலகலோடு பார்த்து, வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். பழைய மடிக்கணினியின் வரைகலைச் சில்லும் இதைத் தாங்கும். 2.2 திருத்தத்தையும் அதே ஷேடரின் கடைசி வரியில் போட்டுவிடலாம். பாவையை அதிகம் பின்னுக்கு இழுக்கும் காட்சிகளில் முகமூடியை முன்கூட்டியே மூன்று நான்கு அளவுகளில் மங்கலாக்கி வைத்து, தூரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு: கிண்ணத்தின் அடியில் ஒரு எடையுணரி வையுங்கள். லோடு செல் என்று கேட்டால் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். ஒரு கிலோ தாங்கும் சிறியதை வாங்குங்கள், ஐந்து கிலோவுக்கானதில் நான்கு சொட்டு எண்ணெய் தெரியாது. அதனோடு, உணரியின் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கி எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகையையும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையையும் இணைத்தால் எடை எண்ணாக வந்துவிடும். 21 கிண்ணத்துக்கும் 21 உணரி வேண்டாம். நீளமான ஒரு பலகையின் இரு முனையிலும் ஒவ்வொன்று வைத்தால், இரண்டிலும் கூடிய எடையின் விகிதத்திலிருந்தே எந்த இடத்தில் எண்ணெய் விழுந்தது என்று கணக்கிட்டுவிடலாம். பலகை முழுவதுக்கும் எடை கூடும் என்பதால் அதற்கு மட்டும் உணரியின் தாங்குதிறனைக் கூட்ட வேண்டியிருக்கும்; அதனால் துல்லியம் போகிறதா என்று முதலில் மூன்று கிண்ணத்தோடு சோதியுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். குளிரூட்டிய கண்காட்சிக் கூடமாக இருந்தால் நல்லெண்ணெய்க்கு மாறிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலையில் கிண்டியைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.